நாளைய தேதியில் ஒரு படம்

என் போனில் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பின் படங்கள் நிறைய இருக்கின்றன. வாசல் பூட்டின் படங்கள் அதைவிட அதிகம். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள், ஏதோ பழைய குடும்பப் படத்தைத் தேடுகிறேன் என்று என் போனை வாங்கித் தள்ளிக்கொண்டே போனவள், "ஏம்மா, என்னம்மா இது? அடுப்பு, அடுப்பு, பூட்டு, அடுப்பு. கேஸ் ஏஜென்சி ஆரம்பிக்கப் போறியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வெளியே வரும்போது குழாயை மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருடமாகக் கணக்கு சொல்லித்தருகிறேன். வீடு மந்தைவெளியில், இரண்டாவது மாடி. என் அப்பா வழியில் பாதிப் பேர் வாத்தியார்கள். மாதா கோயில் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் உன் சொந்தக்கார டீச்சர் ஒருத்தர் மேலதான் விழும் என்று என் கணவர் கேலி செய்வார். அவர் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்திவிட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. துணி மடித்தால் ஓரத்தோடு ஓரம் பொருந்த வேண்டும். கத்தரிக்கோல் எடுத்த இடத்தில் இல்லையென்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நான் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிறவள். எங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் விசாரணையே கிடையாது. குற்றவாளி யார் என்பது கல்யாணமான மறு வாரமே முடிவாகிவிட்டது.

அதனால்தான், போன வருடம் பொங்கல் கழிந்து ஒரு நாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, "காலைல கேஸ ஆஃப் பண்ணாமப் போயிட்ட" என்று அவர் சொன்னதும், நான் மறுபேச்சே பேசவில்லை.

"சின்ன அடுப்பு சிம்முல எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் சாப்பாடு எடுக்கப் போனப்பதான் பார்த்தேன்."

எங்கள் வீட்டு நடைமுறை இது. அவர் ஐந்தரைக்கு எழுவார். ஆறரைக்குக் கிளம்பிப் பூசை பார்த்துவிட்டு, கடற்கரையில் நடந்து, நூலகத்தில் உட்கார்ந்து பேப்பர்களையெல்லாம் படித்துவிட்டுப் பத்து மணிக்கு வீடு திரும்புவார். நான் ஏழே முக்காலுக்கு எல்லாவற்றையும் அணைத்து, பூட்டிக்கொண்டு கிளம்புவேன். அவரிடம் தனிச் சாவி உண்டு. ஆகவே காலையில் அடுப்பைக் கடைசியாகத் தொடுகிறவள் நான்தான். ஏழே முக்காலிலிருந்து மத்தியானம் வரை ஓர் அடுப்பு எரிந்திருந்தால், பத்து மணிக்கே வந்துவிட்ட மனிதருக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று ஒரு கணக்கு டீச்சர் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த பத்து நாளுக்குள் இன்னொரு தடவை. பிறகு வெந்நீர் ஹீட்டர். பிறகு மறுபடியும் அடுப்பு. ஒவ்வொரு தடவையும் அவர் கோபப்படாமல் சொன்னார். அதுதான் என்னைப் பேசவிடாமல் செய்தது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவரோ ஒரு நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினார்.

என் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஆரம்பித்தது. முதலில் அடுப்பு. அப்புறம் பாதி தொடுத்த பூவைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு நாளெல்லாம் தேடுவது. கடைசியில் ஒருநாள், பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அவரைப் பார்க்கப் போன என்னைப் பார்த்து, "வாங்க டீச்சர், எம் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?" என்று கேட்டார். எனக்கு இப்போது ஐம்பத்தைந்து. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க டீச்சராக இருக்க வேண்டியதில்லை.

பூட்டு விஷயத்தில் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு வழி இருக்கிறது. பூட்டியதும் கீழே பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்ப்போம். படி இறங்கப் போனவர்கள் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்போம். கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுப்பை அப்படி இழுத்துப் பார்க்க முடியாது. குமிழைத் திருகிவிட்டுத் திரும்பினால், திருகியது இன்றைக்கா நேற்றைக்கா என்று கை சொல்வதில்லை. பாதி வழியில், சரியாகப் பட்டினப்பாக்கம் திருப்பத்தில், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு முறை திரும்பி ஓடியிருக்கிறேன். இரண்டு முறையும் அடுப்பு அணைந்துதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார்கள். இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

அப்போதுதான் படம் எடுக்க ஆரம்பித்தேன். கிளம்பும்போது அடுப்புக்கு ஒன்று, ஹீட்டர் சுவிட்சுக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று. திருப்பத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டால் போனை எடுத்துப் பார்ப்பேன். அணைந்திருக்கிறது, பூட்டியிருக்கிறது, நட. ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

எட்டாம் நாள் நிம்மதி போயிற்று. படத்தைப் பார்க்கிறேன், அணைந்துதான் இருக்கிறது. ஆனால் இது இன்றைக்கு எடுத்ததா? நேற்று எடுத்ததும் இதேபோலத்தானே இருக்கிறது? ஒரே அடுப்பு, ஒரே குமிழ், ஒரே சுவர். எட்டுப் படங்களையும் வரிசையாகத் தள்ளினால் ஒரே படத்தை எட்டுத் தடவை பார்த்த மாதிரி இருந்தது. போனில் படத்துக்குத் தேதி இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறதாம். அது எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கைபேசியில் எனக்குத் தெரிந்த கலைகள் பேசுவது, படம் எடுப்பது, தெரியாமல் யாரையாவது கூப்பிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பது.

ஆகவே படத்தில் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று வேறாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறாக என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். இருபத்திரண்டு வருடம் சமைத்த சமையலறையை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அடுப்புக்குப் பின்னால் சுவர் டைல்ஸில் ஒரு விரிசல், அதன் வழியாக எறும்பு வரிசை. திங்களன்று வரிசை மேலே போனது, செவ்வாயன்று கீழே வந்தது. குழாய் நுனியில் தொங்கும் சொட்டு சில நாள் பெரிதாக, சில நாள் விழுந்து முடிந்ததாக. வாசலில் பூட்டுக்கு மேலே, குருத்து ஞாயிற்றுக்குக் கொண்டுவந்து மடித்துச் செருகிய ஓலைச் சிலுவை. வாரத்துக்கு வாரம் மஞ்சள் போய்ப் பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கதவில் செருகிவைத்தவள் நான். செருகிய பிறகு ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்திருப்பேனா என்றால், இல்லை.

பிறகு அது கையை விட்டுப் போயிற்று. வழியிலும் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். மரத்தில் மஞ்சள் பெயிண்டில் எழுதிய எண், அந்த எண்ணின் நடுவில் அறைந்த ஆணி. மீன் வலைத் துண்டைச் சுற்றிக் காப்பாற்றிவைத்த ஒரு கறிவேப்பிலைச் செடி. எல்லாவற்றையும்விட, காம்பவுண்டுச் சுவர்கள். தெருவில் கிடந்த பொருளை எடுக்கிறவர்கள் அதைப் பக்கத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். தொலைத்தவர் தேடி வந்தால் கண்ணில் படட்டும் என்று. குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், ஒரு கம்மல், கல்லூரி அடையாள அட்டை, ஒருநாள் ஒரு பல்செட். எத்தனை வருடமாக இதெல்லாம் என் தோள் உயரத்தில் உட்கார்ந்திருந்ததோ. தொலைத்தவர்களுக்காக யாரோ இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது எனக்கு அந்த நாட்களில் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் எதைத் தொலைத்துக்கொண்டிருந்தேனோ அதை எந்தச் சுவரில் எடுத்து வைப்பார்கள் என்றும் நினைத்தேன், நினைத்துவிட்டு அழுகை வந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழி தவறினேன். இருபத்திரண்டு வருடம் நடந்த வழி. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினால் ஒரு தகர வேலி நிற்கிறது, தெருவைக் காணோம். இடது பக்கம் போனேன், அங்கே இன்னொரு வேலி. எந்தத் தெருவில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. வேலி ஓரத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம் மந்தைவெளிக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"இன்னாக்கா, ஊருக்குப் புச்சா? மெட்ரோக்காரன் காத்தால இந்த ரோட்டையும் மூடிட்டான். அப்டிக்கா சுத்தினு போ. நானே எங்க வண்டி போட்றதுன்னு தெர்யாம முழிச்சினுகீறேன்" என்றார் அவர்.

மயிலாப்பூரே வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் சொன்ன வழியில் நடக்கும்போது, எல்லோருக்கும் தெரு தொலைந்தது, எனக்கு மட்டும் தலை தொலைந்தது என்றே பட்டது. வீட்டில் கணவரிடம் சொல்லவில்லை.

காலண்டர் யோசனை அதற்கு மறுநாள் வந்தது. அடுப்புக்குப் பக்கச் சுவரில், மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. பெரிய எழுத்தில் தேதி, கிழமை, கீழே ராகு காலம், எமகண்டம். எங்களுக்கு அதெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொள்வோம். ஆனாலும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை ராகு காலம் கழித்துத்தான் அப்பா உள்ளே விட்டார். தினமும் தாள் கிழிப்பது என் கணவரின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நேற்றைக் கிழித்துச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பினால்கூட, விட்டுப்போன தாள்களை ஒன்றொன்றாகத்தான் கிழிப்பார், மொத்தமாக அல்ல. அடுப்பும் காலண்டரும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி நின்று எடுத்தேன். தேதி தெரிகிறது, குமிழ் அணைந்திருப்பதும் தெரிகிறது. இனி யாரும் என்னை எதுவும் சொல்ல முடியாது.

சொன்னார்கள். முதலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமைப் பாடத்துக்கு நோட்டுகளைச் சுமந்துகொண்டு போய் நின்றேன். "மிஸ், இன்னிக்கு வியாழக்கிழமை" என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். வகுப்பே சிரித்தது. காலையில் காலண்டரில் வெள்ளி என்று பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. போன் முகப்பிலும் கிழமை வரும்தான், ஆனால் கண்ணாடி இல்லாமல் மணியை மட்டும் பார்க்கிற பழக்கம் எனக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தேன். வியாழன் என்றிருந்தது. அப்படியானால் காலையில் நான் பார்த்தது எதை? இல்லாத வெள்ளிக்கிழமையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். அம்மாவும் இல்லாத ஆட்களைப் பார்த்தார்.

அதற்கும் அடுத்த வாரம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. ஒரு திங்கட்கிழமை. நான் வந்து உட்கார்ந்ததும், "இன்னைக்கும் கேஸு" என்றார் என் கணவர். நான் அந்த நாளுக்காகவே காத்திருந்தவள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, காலையில் எடுத்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாருங்க. நல்லாப் பாருங்க. ஆஃப்ல இருக்கா இல்லையா? தேதியோட எடுத்திருக்கேன்."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுல செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்கே" என்றார்.

பிடுங்கிப் பார்த்தேன். செவ்வாய். நாளைய தேதி. இன்றைக்கு எடுத்த படத்தில் நாளைய தேதி இருந்தது. சமையலறைக்கு ஓடிப் போய் வாசலில் நின்று சுவரைப் பார்த்தேன். காலண்டர் சமர்த்தாகத் திங்கட்கிழமை காட்டிக்கொண்டிருந்தது. போனைப் பார்த்தேன், செவ்வாய். சுவரைப் பார்த்தேன், திங்கள். நாளைக்கு நான் எடுக்கப் போகிற படம் இன்றைக்கே என் போனில் எப்படி வரும்? இவ்வளவு நாள் மறதி என்றுதான் பயந்தேன். இது மறதிகூட இல்லை, இதற்கு என்ன பெயர் என்றே தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவர் கூடத்தின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாதிரி வெளிறல். எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "போ, போய்க் கொஞ்சம் படு. டீ நான் போடறேன்" என்றார். அந்த டீ கசந்தது. சர்க்கரை போடவில்லை. அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கிற நிலையில் நான் இல்லை.

அப்புறம் அவரிடம் படம் எதையும் காட்டவில்லை. மேலும் இரண்டு தடவை அடுப்பு என்றார், தலையாட்டினேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். தேதியே தெரியாதவள் அந்தப் பிள்ளைகளின் வருடத்தைக் கையில் வைத்திருப்பது பாவம் என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலகுகிறேன் என்று தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரி. அந்த நான்கு வரியை எழுத நான்கு தாள் கிழித்தேன். இருபத்தொன்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை, "விலகுகிறேன்" என்ற வார்த்தையில் கோணலாகப் போனது. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்தேன், கொடுக்கத் துணியவில்லை. நான்காம் நாள், வியாழக்கிழமை, மதிய இடைவேளையில் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சர் சின்னப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. சுவர்மேல் இருந்த பல்செட் படத்தை ஒருநாள் அவளுக்குக் காட்டியதிலிருந்து என்னைப் பெரிய போட்டோகிராபர் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பேச்சுக் கொடுப்பதற்காகப் போனை வாங்கிப் படங்களைத் தள்ளினாள்.

"மிஸ், இந்த அடுப்பு சீரிஸ் சூப்பரா இருக்கு. ஒரே பிரேம், தேதி மட்டும் மாறுது. எப்படி மிஸ் தோணுச்சு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "தேதிக்காகத்தான் எடுத்தேன். அதுவே தப்பா விழுது" என்றேன்.

"தேதி போன்லயே இருக்குமே மிஸ். இப்படி மேல தள்ளுங்க." தள்ளிக் காட்டினாள். படத்துக்குக் கீழே கிழமை, நேரம் எல்லாம் வந்தன. அந்தத் திங்கட்கிழமைப் படம்தான். போன் திங்கள் காலை ஏழு முப்பத்தெட்டு என்றது. படத்துக்குள் காலண்டர் செவ்வாய் என்றது. "ஐ, காலண்டர் ஒரு நாள் முன்னாடி ஓடுது" என்றாள் அவள். இன்னும் நாலைந்து படம் தள்ளினாள். "இங்க ரெண்டு நாள் முன்னாடி. இங்க சரியா இருக்கு. இங்க மறுபடியும் முன்னாடி. யாரோ ஒரே நாள்ல ரெண்டு தடவ கிழிக்கிறாங்க மிஸ். ஆனா எப்படித் திரும்பச் சரியாகுது?"

சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். தாள், எண், எண்ணுக்கு மேலே தகரப் பட்டை. பட்டைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம். இன்னும் பெரிதாக்கினாள். குண்டூசி. ஒரு குண்டூசியின் தலை. தாள் லேசாகச் சாய்ந்திருந்தது. சுருட்டியதை நீவிவிட்ட சுருக்கங்கள்கூடத் தெரிந்தன.

அவளுக்கு மணி அடித்தது, போய்விட்டாள். நான் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கினேன். ஆறு படங்களில் குண்டூசி இருந்தது. தினமும் நின்று, பார்த்து, எடுத்த படம். எறும்பைப் பார்த்தேன், சொட்டைப் பார்த்தேன், ஊரார் சுவர்மேல் உள்ள பல்செட்டைப் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு வந்து வெந்நீர் வைக்கிறவர் யார், அதைக் குடித்துவிட்டு அடுப்பை மறக்கிறவர் யார் என்று இப்போது கணக்கு நேராக வந்தது. காலையில் கிழித்தது மறந்து மறுபடி கிழித்துவிட்டு, சில நாள் கிளம்பும் முன்பே உணர்ந்தும், சில நாள் நூலகத்தில் பேப்பரில் தேதியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும், குப்பைக் கூடையில் கைவிட்டு அந்தத் தாளை எடுத்து, நீவி, அலுவலகக் கோப்பில் குத்துகிற மாதிரி குத்தி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே ஒரு குரல் குதித்தது. டப்பாவைத் திறந்து சாம்பார் சாதம் முழுவதையும் சாப்பிட்டேன். பல நாளுக்குப் பிறகு ருசி தெரிந்தது. கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். கையைக் கழுவும்போதுதான், நான் இல்லையென்றால் யார் என்பது முழுவதும் உறைத்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் சொல்வதற்கு முன்னால், பெரிதாக்கிய படத்தை அவர் மடியில் வைத்தேன். நிறைய நேரம் பார்த்தார்.

"குண்டூசி" என்றார்.

"எத்தனை நாளா?"

"சரியாத் தெரியல. பொங்கலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சுன்னு நெனைக்கிறேன்."

"அப்ப அடுப்பு?"

"அது நான்னு தெரியாது. மாதா மேல சத்தியமா நீதான்னு நெனச்சேன். அன்னைக்கு நீ அந்தச் செவ்வாய்க்கிழமைப் படத்தக் காட்டினியே, அப்பதான் எல்லாம் நான்தான்னு புரிஞ்சுது."

"அதுக்கப்புறமும் ரெண்டு தடவ நான்தான்னு சொன்னீங்களே?"

"ஆமா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். அப்படி ஒரு கோபம் வந்தது. வேலையை விடக் கடிதம் எழுதி வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேனே, அம்மா மாதிரி ஆகிவிட்டேன் என்று செத்துச் செத்துப் பிழைத்தேனே என்று கத்தினேன். கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் மூச்சு வாங்கி நின்ற பிறகு சொன்னார்.

"நானா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். வீட்ல ரெண்டே பேர்தானே இருக்கோம். நான் இல்லன்னா அது நீயாத்தானே இருந்தாகணும்."

என் வாயில் சாம்பார் சாதத்தின் ருசி இன்னும் இருந்தது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மத்தியானம் இதப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்."

தலையை ஆட்டினார். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு என் தோளில் கையை வைத்து, "டாக்டர்கிட்ட தனியாப் போகப் பயமா இருக்கு. நாளைக்கு நீ லீவு சொல்லிடு" என்றார். சரி என்றேன்.

"நாளைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறாரா, தெரியாமல்தான் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. "வெள்ளிக்கிழமை" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.